‘ஒக்காது’க்கும் ‘தெரியாது’க்கும் நடுவே

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு வயது 28, குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு, அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. எட்டாம் வகுப்பில் ஒரு பின்னக் கணக்கைப் போர்டில் போடச் சொன்னார்கள். வரவில்லை. “நீயெல்லாம் பால்வெட்டத்தான் லாயக்கு” என்றார் ஆசிரியர், வகுப்பே சிரித்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 38. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டு முறையும் கணக்குப் பகுதியைத் தொடவே இல்லை, கடைசி ஐந்து நிமிடத்தில் குத்துமதிப்பாகக் விடைத்தாள் வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு வந்தார். “கணக்குன்னா என்னைக்கொண்டு ஒக்காது. புத்தகத்தத் தொறந்தாலே கை வேர்க்குது. இது மாறுமா? மகளிர் குழுவுல கணக்கு நோட்டு எழுதுறது நான்தான், ஆனா அது வேற.” (‘ஒக்காது’ என்றால் நம்மூரில் ‘முடியாது’.)

மாறும். ஆனால் பழசை மறந்தால்தான் மாறும் என்றோ, தைரியம் வந்த பிறகு தொடங்கலாம் என்றோ காத்திருந்தால் இன்னும் 15 வருடம் இப்படியே போகும்.

அந்த வகுப்பறை இந்த நம்பிக்கையை உண்டாக்கியது, உண்மைதான். இன்றுவரை அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது வேறொன்று. புத்தகத்தைத் திறக்கிறீர்கள், கை வேர்க்கிறது, பக்கத்தைப் புரட்டி வரலாற்றுக்குப் போகிறீர்கள், நெஞ்சு லேசாகிறது. அந்த லேசுதான் கூலி. ஒவ்வொரு முறை கூலி கிடைக்கும்போதும் மனசு இரண்டு காரியங்களைக் குறித்துக்கொள்கிறது: விட்டுவிட்டால் நிம்மதி, விட்டதால்தான் தப்பித்தோம். விடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் கடைசிவரை தெரியவராது. 13 வயதில் ஒருநாள் நடந்ததை, 28 வயதில் வாரம் நாலு முறை நீங்களே புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். பழி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய சம்பவத்தில் இனி யாரும் கைவைக்க முடியாது, பக்கம் புரட்டுகிற கையில் வைக்கலாம்.

1967-ல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்அதிர்ச்சியை முதலில் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்ற கூண்டில் விட்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. இதை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த வருடம் நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. அந்த நாய்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், தீனி காட்டினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கழுத்துவாரைப் பிடித்துத் தடுப்பின் மறுபக்கத்துக்கு இழுத்து, இழுத்து, கால்கள் பலமுறை அந்த வழியை நடந்த பிறகே தாமாகத் தாண்டத் தொடங்கின. 2016-ல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்கத் தேவையில்லை. கற்க வேண்டியது, ‘என் செயலுக்குப் பலன் உண்டு’ என்பதைத்தான். அதைச் செய்து பார்த்துத்தான் கற்க முடியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ‘என்னைக்கொண்டு ஒக்காது’ என்ற அந்த வாக்கியத்தை முழுசாக வெளியே எடுங்கள். ‘தன்னம்பிக்கை இல்லை’ என்றெல்லாம் பொதுவாக எழுதினால் பிடி கிடைக்காது. உங்களுக்குள் ஓடுகிற பேச்சுமொழியிலேயே எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியின் கீழும் ‘அப்படி ஆனா?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். பொதுவாக இப்படி இறங்கும்: கணக்கு போட்டா என்ன ஆகும்? தப்பாப் போவும். தப்பாப் போனா? பாக்கிறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா? நம்ம வீட்டுக்கு இதெல்லாம் சொல்லப்பட்டதில்லன்னு ஆயிரும்.

மூன்று நாலு கேள்வியில் அடி தட்டிவிடும். தட்டியதும் நிறுத்திவிடுங்கள். இங்கே அடியில் கிடப்பது கணக்கே இல்லை, பார்த்தீர்களா? ‘நம்ம வீட்டுக்கு இது சொல்லப்பட்டதில்லை’ என்பது பால்வெட்டுக்காரர் மகள் அரசு மேசையில் உட்காரலாமா என்ற கேள்வி. கணக்குப் பாடம் அதற்கு ஒரு வாசல், அவ்வளவுதான். இரண்டு வாக்கியங்களுக்கும் பக்கத்தில் 100-க்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று எண் போட்டுத் தேதியும் எழுதிவையுங்கள். ‘ஒக்காது’க்கு 95, ‘சொல்லப்பட்டதில்லை’க்கு 70, எதுவோ. பின்னால் ஒப்பிட இந்த எண் வேண்டும். இதைப் படுக்கப்போகும் நேரத்தில் செய்யாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மனசு எதையும் இருட்டாகத்தான் காட்டும். பகலில், 20 நிமிடம், மேசையில் உட்கார்ந்து.

அந்த ஆசிரியர் சொன்ன வார்த்தையைப் பற்றி ஒன்று. ரப்பர் மரத்தில் பால்வெட்டுவது சுமார் 30 பாகைச் சரிவில், பாதிச் சுற்றுக்கு, பட்டையை மெல்லிய இழையாகச் சீவுகிற வேலை. பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கிற உயிர்ப்படலம் இருக்கிறது. அதற்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். கத்தி ஆழப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி வெட்டவே முடியாது. மேலாக வெட்டினால் பால் குறையும். விடியும்முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரத்தில் கோணமும் ஆழமும் பிசகாமல் இதைச் செய்கிறவரின் மகளிடம்தான் ‘பால்வெட்டத்தான் லாயக்கு’ என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களைப் பற்றிச் சொன்னதும் தப்பு, அந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னதும் தப்பு.

இனி இரண்டு சொற்கள். ‘ஒக்காது’, ‘தெரியாது’. நம்மூரில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ‘தெரியாது’ என்பது ஒரு பாடத்தைப் பற்றிய தகவல், அதற்கு மருந்து படிப்பு. ‘ஒக்காது’ என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு, அதற்குப் படிப்பு மருந்தாகாது, படிக்கவே விடாது. மனசை மட்டும் கவனித்துக் கணக்கைப் படிக்காமல் இருந்தால், நம்பிக்கையோடு போய்த் தப்பாகப் போட்டுவிட்டு வருவீர்கள். கணக்கை மட்டும் படித்து மனசை விட்டால், ரெண்டாம் நாளே புத்தகம் மூடப்படும். இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

‘தெரியாது’ எவ்வளவு என்று அளந்துவிடலாம். சமச்சீர்க் கல்வி ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள், அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆறிலிருந்து பத்துவரை விகிதம், பின்னம், சதவீதம், வட்டி, பரப்பளவு வருகிற இயல்களில் தலா 5 கணக்கு. நேரக்கணக்கு வேண்டாம். ஒரு இயலில் மூன்று கணக்காவது சரியாக வந்தால் அதைத் தாண்டிப் போகலாம். வராவிட்டால் அந்த இயலை வட்டமிடுங்கள்.

பெரும்பாலும் வட்டம் விழுகிற இடம் பின்னம். 1/2 + 1/3 என்றால் மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. அரையை விட 2/5 சின்னது, அரையோடு ஒன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று யாரும் நிறுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள். சரியான விடை 5/6. இந்த ஒரு ஓட்டையோடு மேலே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒருவர் ஒரு தோட்டத்தில் காடு வெட்ட 6 நாள், இன்னொருவர் 12 நாள், சேர்ந்து வெட்டினால் எத்தனை நாள்? ஒரு நாளில் முதலாமவர் 1/6 பங்கு, அடுத்தவர் 1/12 பங்கு. கூட்டினால் 3/12, அதாவது 1/4. நாலு நாள். பின்னம் கூட்டத் தெரியாதவருக்கு இது ‘காலமும் வேலையும் வராது’ என்று தெரியும். சதவீதம் கீழே 100 வைத்த பின்னம், விகிதமும் பின்னம், வட்டியும் பின்னம். ஆக ஓட்டை ஒன்றுதான், நாலு பாடத்தில் நாலு இடத்தில் ஒழுகுவதால் கூரையே இல்லை என்று தோன்றுகிறது. அன்று போர்டில் நீங்கள் நின்றதும் பின்னக் கணக்கின் முன்னால்தானே. அது சரிசெய்யப்படாமலே எட்டு, ஒன்பது, பத்து என்று போயிருக்கிறது. 38 வாங்கியதற்கு இந்த விளக்கம் போதும், மூளையைக் குறைசொல்லத் தேவையில்லை.

இப்போது அந்தக் குழு நோட்டு. ‘ஆனா அது வேற’ என்று எழுதியிருந்தீர்கள். எப்படி வேறு?

குழுவில் ஒருத்தர் 8,000 ரூபாய் கடன் எடுக்கிறார், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாதம் 80. ஏழு மாதம் கழித்து மொத்தமாக அடைக்க வந்தால் வட்டி 560 என்று யோசிக்காமல் எழுதுவீர்கள். நடுவில் 2,000 அடைத்தால் அடுத்த மாதத்திலிருந்து 60 என்று மாற்றி எழுதுவீர்கள், யாராவது 80 என்று சொன்னால் திருத்தவும் செய்வீர்கள். அதையே வினாத்தாளில், ‘ரூ.8,000-க்கு ஆண்டுக்கு 12% தனிவட்டி வீதத்தில் 7 மாதங்களுக்கான வட்டி என்ன?’ என்று போட்டால் கை வேர்க்கிறது. விடை அதே 560. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று நாம் சொல்வதுதான் ஆண்டுக்கு 12%, இரண்டு ரூபாய் வட்டி என்றால் 24%.

எட்டாம் வகுப்பில் உருவான நம்பிக்கைகள் இப்படித்தான் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும். தனக்கு எதிரான சாட்சி வந்தால் அதை வேறு பெயரில் வேறு அறையில் உட்காரவைத்துவிடும். தப்பாகப் போட்டால் ‘பாத்தியா, கணக்கு வராது’. சரியாகப் போட்டால் ‘அது வேற, அது வரவு செலவு’. சாட்சியை இப்படித் தரம்பிரிக்கிற வழக்கை எந்தக் கோர்ட்டிலும் ஜெயிக்க முடியாது. அதனால் இனி ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரு வரி: இன்று எண்ணை வைத்து நான் சரியாகச் செய்த ஒன்று. பஸ்ஸில் மீதிச் சில்லறை சரிபார்த்தது, ரப்பர் ஷீட் விற்ற இடத்தில் ஈரத்துக்குக் கழித்த எடை சரியா என்று பார்த்தது, எதுவானாலும். முதல் பத்து நாள் எழுத ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். கண் பழக வேண்டும்.

இன்னொரு சின்னப் பயிற்சி. ஒரு கோடு கிழித்து ஒரு முனையில் 0, மறுமுனையில் 100. இந்த 0 யார்? கையில் உள்ள காசை எண்ணவே தெரியாதவர். 100 யார்? பல்கலைக்கழகத்தில் கணிதம் ஆராய்ச்சி செய்கிறவர். முனைகளை இப்படி வரையறுத்த பிறகு தெரிந்தவர்களை ஒவ்வொருவராக வையுங்கள், கடைசியில் உங்களை. எடுத்த எடுப்பில் 0-வில் தன்னை வைக்கிறவர்கள், வரையறை எழுதிய பிறகு அங்கே வைக்க முடியாமல் தடுமாறுவார்கள். குரூப் 4 கேட்பது பத்தாம் வகுப்புத் தரம், கோட்டில் அது எங்கே விழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வரை காகித வேலை. நம்பிக்கை காகிதத்தில் கொஞ்சம் ஆடும், விழாது. விழவைப்பது சோதனை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் தொடங்கிய அறிதல் சிகிச்சை மரபில் இதை நடத்தைச் சோதனை என்பார்கள். எளிய காரியம்: மனசு என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, செய்துபார்த்து, நடந்ததை அதோடு ஒப்பிடுவது.

அதற்கு முன்னால் உங்கள் தற்காப்புகளைப் பட்டியல் போடுங்கள். போன் கால்குலேட்டர். தம்பியிடம் ‘இத கொஞ்சம் போட்டுத்தா’ என்பது. யாரும் கேட்கும் முன்னே ‘நான் கணக்குல வீக்கு’ என்று சொல்லிவிடுவது. இவை வெளியே தெரியும். தெரியாத ஒன்று, யூடியூபில் கணக்கு வகுப்பு பார்ப்பது. அவர் போடுகிறார், நாம் தலையாட்டுகிறோம், ஒரு மணி நேரம் படித்த திருப்தி வருகிறது. பேனா பிடிக்கவே இல்லை. தப்பு வர வாய்ப்பே கொடுக்காததால் அது பரீட்சையும் இல்லை, சோதனையும் இல்லை. காணொளி வேண்டுமானால் பாருங்கள், ஆனால் கேள்வி திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு நீங்கள் போட்டு முடித்த பிறகுதான் மறுபடி ஓடவிட வேண்டும். தற்காப்போடு செய்த சோதனை செல்லாது. சரியாக வந்தாலும் மனசு அந்தப் பெருமையைக் கால்குலேட்டருக்குக் கொடுத்துவிடும்.

படிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பயம் 100-க்கு எவ்வளவு என்று போட்டு வரிசைப்படுத்துங்கள். உங்களுக்கு ஏறத்தாழ இப்படி இருக்கலாம். குழு நோட்டின் வட்டியைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுவிட்டுப் பிறகு சரிபார்ப்பது, 15. ஆறாம் வகுப்புப் பின்னத்தில் தனியாக 5 கணக்கு, 30. அதையே 15 நிமிட அலாரம் வைத்து, 40. பழைய குரூப் 4 தாளின் 25 கணக்குக் கேள்விகள், நேரம் பார்க்காமல், 55. அதையே 40 நிமிடத்தில், 65. தம்பியோ கூட்டுக்காரியோ பக்கத்தில் இருக்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கணக்கு, 75. நாலு பேர் பார்க்கப் போர்டில் ஒரு பின்னக் கணக்கு, 95.

கடைசிப் படி தேவையா என்று தோன்றும். தேர்வில் யாரும் போர்டுக்குக் கூப்பிடப் போவதில்லைதான். ஆனால் உங்கள் நம்பிக்கை பிறந்த இடம் போர்டு. தப்பும் சிரிப்பும் அங்கேதான் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அதைத் தொடாமல் விட்டால் வேர் மிச்சம் இருக்கும். நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறது. அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தால் போர்டும் கிடைக்கும், பார்க்க ஆளும் கிடைக்கும். முதல் வாரமே எழுந்து போய் நிற்க வேண்டாம்.

30-ல் உள்ள படியில் தொடங்குவது நல்லது. 15 ரொம்பச் சுலபம், மனசு மதிக்காது. 65-ல் தொடங்கினால் சறுக்கி, பழைய தீர்ப்புக்குப் புது முத்திரை விழும். ஆர்வக்கோளாறில் முதல் நாளே முழு மாதிரித்தேர்வு எழுதி 25-க்கு 5 வாங்கிக்கொண்டு ‘சொன்னேன்ல’ என்று புத்தகத்தைக் கட்டிவைப்பவர்கள்தான் அதிகம்.

சோதனைத் தாளில் எழுத வேண்டியவை: என்ன செய்யப்போகிறேன், என்ன ஆகும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நிச்சயம், என்ன ஆனது, எங்கே பிசகியது. நிரப்பிய ஒரு தாள் இப்படி இருக்கும்:

ஆறாம் வகுப்புப் பின்னம், 5 கணக்கு, சாயங்காலம் 5 மணி, திண்ணையில். நினைப்பது: ஒன்றும் சரியாக வராது, 3 நிமிடத்தில் எழுந்துவிடுவேன். நிச்சயம் 90. நடந்தது: 22 நிமிடம் இருந்தேன். 3 சரி, 2 தப்பு. கை வேர்த்தது, முதல் கணக்கில் ரொம்ப, நாலாவதில் கவனிக்கவில்லை. பிசகியது: இரண்டிலும் பொதுப் பகுதி கண்டுபிடித்தேன், மேல் எண்ணைப் பெருக்க மறந்தேன்.

‘ஒன்றும் வராது’ என்பதற்கும் ‘மூன்று வந்தது’ என்பதற்கும் உள்ள இடைவெளிதான் மருந்து. அதனால்தான் முன்கூட்டி எண்ணாக எழுதச் சொல்கிறேன். ‘சரியா வராதுன்னு தோணுது’ என்று மொழுமொழுவென்று எழுதினால், என்ன நடந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். நடந்ததைப் பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ராத்திரிக்குள் மனசு திருத்தல் வேலை பார்த்துவிடும்: ‘அது லேசான கணக்கு, ஆறாம் கிளாஸ் பிள்ளைகூடப் போடும்.’ இந்த வாக்கியம் கட்டாயம் வரும். வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு, தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்: ‘மூன்று சரியாக வந்தால் அதை வெற்றி என்று கணக்கில் எடுப்பேன்.’ ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது.

பயம் பூஜ்யம் ஆகும்வரை ஒரே படியில் நிற்காதீர்கள். மூன்று முறை கணிப்பு பொய்த்துவிட்டால், கை வேர்த்தாலும் அடுத்த படி. வேர்ப்பது நிற்பது குறிக்கோள் இல்லை, வேர்த்துக்கொண்டே கணக்கு போட முடிகிறது என்று தெரிவதுதான் வேலை. ஒரு நாள் 25 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் எட்டிலிருந்து பத்து வாரத்தில் 65-ம் படி வரை வர முடியும். கல்யாணம், கோயில் கொடை, ஆஸ்பத்திரி என்று ஒரு வாரம் விட்டுப்போகும். விட்டுப்போனால் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள், முதலிலிருந்து அல்ல.

தப்புகிற மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி முன் நின்று ‘நான் கணக்கில் புலி’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம். 2009-ல் உளவியலாளர் ஜோஆன் வுட்டும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வில், தன்மேல் மதிப்புக் குறைந்தவர்கள் தங்களைத் தாங்களே இப்படிப் புகழ்ந்து சொன்னபோது முன்னைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: வாய் ‘புலி’ என்றதும் உள்ளே ஒரு குரல் 38 மார்க்கை எடுத்துக் காட்டும். சொல்லத்தான் வேண்டும் என்றால் உண்மையைச் சொல்லுங்கள்: ‘நேற்று ஐந்தில் மூன்று வந்தது.’

இடம் மாறினால் பயம் திரும்புவது. புதிதாகக் கற்றது பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் பக்கத்தில் இன்னொன்றாக உட்காருகிறது. எந்த இடத்தில் எது முந்துகிறது என்பதுதான் போட்டி. வீட்டுத் திண்ணையிலேயே எல்லாவற்றையும் பழகியவருக்குத் தேர்வுக் கூடத்தில் எட்டாம் வகுப்பு எழுந்து நிற்கும். ஆகவே ஒரே படியை இடம் மாற்றிச் செய்யுங்கள்: திண்ணை, நூலகம், ஆள் நடமாட்டம் உள்ள கூடம். காலையில் ஒரு நாள், மத்தியானம் ஒரு நாள்.

பழைய சம்பவத்தை ஓயாமல் தோண்டுவது. அதைப் பற்றி ஒரு முறை நன்றாக எழுதலாம்: என்ன நடந்தது, அதிலிருந்து 13 வயதுப் பிள்ளை என்ன முடிவெடுத்தாள், இன்று 28 வயதுக்காரி பார்த்தால் வேறு என்ன தெரிகிறது. உதாரணமாக, சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கும்? தன்னைக் கூப்பிடவில்லை என்ற நிம்மதியில் சிரித்தவர்கள் எத்தனை பேர்? அதற்கு மேல் தினமும் அதையே உருட்டினால் அது சிந்தனை இல்லை, புண்ணைச் சொறிவது.

வீட்டார். “ஏன் மக்களே, இந்த வயசுல இனிமே கணக்கா? பைய வேற சோலியப் பாரு” என்று அம்மாவோ சித்தியோ சொல்லக்கூடும். பாசத்தில்தான் சொல்கிறார்கள், உங்கள் பயத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். வாதாட வேண்டாம். “தினமும் அரை மணிக்கூர் என்னக் கூப்பிடாதிங்க, அது போதும்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிக்கை கேட்டால் தர மாட்டார்கள், நேரம் கேட்டால் தருவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அனுபவத்தில் பிறந்த எல்லாப் பயமும் தளை இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமியும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும் கண்ட கடற்கரை நம்முடையது. புயல் எச்சரிக்கை வந்தால் வள்ளத்தை இறக்க மாட்டேன் என்கிற குளச்சல்காரரிடம் படிகள் போட்டுக் கடலுக்கு அனுப்பக் கூடாது, அது அறிவு. அமைதியான நாளிலும் கரையில் கால் வைக்க முடியாமல், அலைச் சத்தத்துக்கு உடம்பு நடுங்கி, ராத்திரி அதே காட்சி கனவில் வந்து எழுப்பினால் அது வேறு விஷயம், இங்கே சொன்னதை வைத்துத் தனியாக முயலக் கூடாதது. அடி, பாலியல் கொடுமை, கண்முன் கண்ட மரணம் இவற்றில் பிறந்த நம்பிக்கைகளும் அப்படித்தான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பாருங்கள். பஸ் ஏறிப் போகத் தயக்கம் என்றால் முதலில் 14416-க்குக் கூப்பிடலாம். அது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். உங்கள் விஷயத்திலும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழ்வதே வீண் என்ற நினைப்பு வந்தால் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு முதலில் அங்கே கூப்பிடுங்கள்.

கடைசியாக, தேர்வுக் கணக்கு. குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை என்றால் நீங்கள் தொடாமல் விட்டது 37.5 மதிப்பெண். கண்ணை மூடிக் கறுப்பாக்கினாலும் நாலில் ஒன்று தற்செயலாக அமையும், ஆறு கேள்வி, 9 மதிப்பெண். பயிற்சிக்குப் பிறகு 25-ல் 16 சரியாகப் போட்டால் 24. உங்கள் இலக்கை 25-க்கு 25 என்று வைக்காதீர்கள், அது பழைய பயத்தின் மறுபக்கம். 16 போதும்.

கூடத்தில் கணக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், களைத்த மூளைக்குப் பயம் சுலபமாக ஏறும். பதற்றம் மூளையின் கரும்பலகையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மனக்கணக்குக்கு மிச்சம் பாதிதான் கிடைக்கும். ஆகவே எதையும் மனசில் போடாதீர்கள், வினாத்தொகுப்பில் அதற்கென்று ஒதுக்கிய பக்கத்தில் எழுதிப் போடுங்கள். தமிழ்ப் பகுதி முடிந்ததும் கணக்குக்கு வந்து 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 25-லும் கண்ணை ஓட்டி, தனிவட்டி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் அதில் தொடங்குங்கள். நூற்றுக்கு எத்தனை ரூபாய், எத்தனை மாதம் என்று குழு நோட்டின் மொழிக்கு மாற்றிப் போடுங்கள். கை வேர்த்தால் விடைத்தாள் நனையும், ஒரு கைக்குட்டை மடியில் இருக்கட்டும்.